சிஸ்டர் பாட்டிக்கு ஒரு நினைவு மலர்: எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி: எங்கள் பாட்டி (அம்மாவின் அம்மா) போன தை மாதம் 80 வயதில் காலமானார். 1965-ல் ஸ்டாஃப் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தவர். நடுவில் சில வருஷம் செங்கல்பட்டு, மற்றபடி 2002-ல் ஓய்வு பெறும்வரை தாம்பரம் சானடோரியம் டி.பி. ஆஸ்பத்திரிதான். தாத்தா 1983-ல் தவறிவிட்டார். அதன்பிறகு மூன்று பிள்ளைகளையும், ஊரிலிருந்து படிக்க வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிய சொந்தக்காரப் பிள்ளைகளையும் கரையேற்றியது பாட்டியின் சம்பளம். கல்யாணம், மனை வாங்குவது, பங்காளிச் சண்டை எதுவானாலும் அவர் சொன்னால்தான் முடியும்.

முதலாண்டு திதிக்கு நினைவு மலர் போட நினைக்கிறோம். மாமா எழுதிக் கொடுத்ததை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் பாட்டியே தெரியவில்லை. என் அம்மாவையும் மாமாவையும் கையில் வைத்து வளர்த்தது பெரியம்மாதான். மாமா 1977-ல் பிறந்தபோது அவருக்கு 11 வயது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார். அவரிடம் கேட்டால், "எழுதுறத எழுதுங்க, என்னை விட்டுடுங்க" என்கிறார். அதையெல்லாம் எழுதினால் பாட்டிக்கு அசிங்கம் என்கிறார் மாமா. பாட்டியின் பிஸ்கட் டப்பாவில் பழைய நோயாளிகள் போட்ட கார்டுகள், இன்லண்ட் லெட்டர்கள் இருக்கின்றன. எச்.ஐ.வி. வார்டில் இருந்தவர்களின் பெயர், ஊர் எழுதிய நோட்டு ஒன்றும் இருக்கிறது. இவற்றை அச்சிடலாமா? எனக்கு நினைவிருப்பது, பாட்டி ராத்திரியில் விரல் நுனிகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதும், டூட்டி முடிந்து வந்ததும் பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் எங்களைத் தொடுவதும்தான்.
– ஒரு பேத்தி, குரோம்பேட்டை

பதில்: மாமா எழுதிய நான்கு பக்கத்தையும் படித்தேன். "தன்னலமற்ற சேவையின் சிகரம்", "வெள்ளுடைத் தேவதை", "நடமாடும் தெய்வம்" எல்லாம் இருக்கின்றன. 37 வருஷம் ஊசி போட்டவரைப் பற்றிய நான்கு பக்கத்தில் ஒரு ஊசிகூட இல்லை. மாமாவைக் குறை சொல்லவில்லை. அம்மா போன துக்கத்தில் எழுத உட்காரும் பிள்ளைக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் பாஷைதான் முதலில் கைக்கு வரும். அதைத் தூக்கிப் போட வேண்டாம். மகனின் அஞ்சலி என்று தலைப்பிட்டு, ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, மலரின் முன்னால் வைத்துவிடுங்கள். அவருக்கும் மனம் ஆறும், உங்களுக்கும் மீதிப் பக்கங்கள் கிடைக்கும்.

நினைவு மலர் தொகுப்பதுதான் என் தொழில். மலருக்கு எங்கே தொடங்குவது என்று எல்லோரும் கேட்பார்கள். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். எண்ணெயையும் குழாயடியையும் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் பாட்டி இருக்கிறார்.

முதலில் எண்ணெய். பாட்டி வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டி.பி.க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி முக்கியமான மருந்து. குப்பியில் பொடியாக வரும். அதில் தண்ணீர் ஏற்றிக் கலக்கி, சிரிஞ்சில் இழுத்து, காற்றை வெளியே தள்ளும்போது ஒரு துளியாவது விரலில் படும். ஒரு வார்டில் ஒரு காலையில் எத்தனை ஊசி என்று யோசித்துப் பாருங்கள். அந்த மருந்து பட்டுப் பட்டு நர்ஸுகளின் விரல்களில் அரிப்பும் வெடிப்பும் வருவது மருத்துவ உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. போதாததற்கு ஸ்பிரிட், லைசால், கொதிக்கவைத்த கண்ணாடி சிரிஞ்சுகள். இன்றைக்குப் போல ஒரு முறை போட்டுத் தூக்கியெறிகிற பிளாஸ்டிக் சிரிஞ்சு அன்று கிடையாது. வேகவைத்து, குழலுக்கு அதன் பிஸ்டனையே தேடிப் பொருத்தி, மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி எடுப்பார்கள். பாட்டியின் விரல் எதனால் அப்படி ஆனது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அவரோடு வேலை பார்த்த இன்னொரு சிஸ்டரைத் தேடிப் பிடித்து, "உங்களுக்கும் விரல் வெடிக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். "அவருடைய சேவை எப்படி இருந்தது?" என்று கேட்டால் "தங்கமானவங்க" என்பார்கள், பேச்சு முடிந்துவிடும். விரலைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

அடுத்தது குழாயடி. எனக்கு இதுதான் இன்னும் சுவாரசியம். சென்னையில் 1956-ல் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென்று ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த அதன் ஆய்வு 1959-ல் வெளியானது. சானடோரியம் என்கிற டி.பி. ஆஸ்பத்திரியில் படுத்து மருந்து எடுத்தவர்களும், நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே இருந்து அதே மருந்தை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்தச் சென்னை ஆய்வு பெரிய காரணம். பாட்டி வேலைக்குச் சேர்ந்தது இதற்கு ஆறு வருஷம் கழித்து. டி.பி. காற்றில் பரவும், புடவையில் ஒட்டிக்கொண்டு வராது என்பது அந்த ஆஸ்பத்திரி நர்ஸுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் தினமும் குளித்தார் என்றால், யாருக்காகக் குளித்தார்? பிள்ளைகளுக்காகவா, மாமியாருக்காகவா, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கட்டும் என்றா? டி.பி. ஆஸ்பத்திரியில் வேலை என்றால் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே யோசித்த காலம் அது. விடை உங்கள் அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ தெரிந்திருக்கும். கேளுங்கள்.

ஆஸ்பத்திரியின் வரலாற்றை மலரில் எவ்வளவு சேர்ப்பது என்று அடுத்து யோசிப்பீர்கள். டாக்டர் சவுரிமுத்து 1928-ல் ஆரம்பித்தது, 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, ரயில்வே ஸ்டேஷனுக்கே சானடோரியம் என்று பேர் வந்தது, இதெல்லாம் இரண்டு வரி போதும். பாட்டியின் மேல் பட்ட வரலாறு மட்டும் விரிவாக வரட்டும். அதில் ஒன்றை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனின் குழுவால். தொண்ணூறுகளில் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு அந்த நோயாளிகள் வரத் தொடங்கினார்கள், ஆந்திராவிலிருந்தெல்லாம் வந்தார்கள். 1996 வாக்கில் வெளிநாடுகளில் எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து வந்துவிட்டது, ஆனால் விலை நம் ஏழைக்கு எட்டாத உயரம். அரசாங்கம் ஏ.ஆர்.டி. என்கிற அந்தக் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். தாம்பரமும் அந்த முதல் மையங்களில் ஒன்று. பாட்டி ஓய்வு பெற்றது 2002-ல்.

அதாவது, கூட வரும் டி.பி.க்கும் பேதிக்கும் வாய்ப்புண்ணுக்கும் மருந்து உண்டு, எச்.ஐ.வி.க்கு இல்லை என்ற வருஷங்கள் முழுக்க அந்த வார்டில் நின்றவர் அவர். மருந்து வந்தபோது அவர் வீட்டில் இருந்தார். அந்தச் செய்தி வந்த நாளில் பாட்டி என்ன சொன்னார் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருக்கிறதா? இருந்தால் அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொன்ன பேச்சு மொழியிலேயே போடுங்கள்.

இப்போது டப்பாவும் நோட்டும். இதில் நான் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன். நோட்டை அச்சிடாதீர்கள். ஒரு பக்கத்தைக்கூடப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை நம்பிக்கையின்பேரில் அறிந்தவர்கள் அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அந்த ஊரில் அந்த மனிதரின் மகள் இன்று யாருக்காவது மாமியாராக இருப்பார். ஆள் போய்ச் சேர்ந்திருந்தாலும் ஊர் வாய் அப்படியேதான் இருக்கிறது. பாட்டி அந்த நோட்டை இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். "அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார், அதில் இருப்பதை இங்கே சொல்லப்போவதில்லை" என்று மலரில் ஒரு வரி எழுதினால் போதும். பாட்டி எப்படிப்பட்ட நர்ஸ் என்பதை அந்த வரி சொல்லிவிடும்.

கார்டுகள் விஷயம் வேறு. அந்தக் காகிதம் பாட்டியுடையது. அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சொந்தம். அதனால் அப்படியே எடுத்துப் போட வேண்டாம். பெயர், ஊர், தேதி, குடும்ப விவரம் எல்லாவற்றையும் நீக்கி, "குணமாகிப் போன ஒருவர் தன் மகளுக்குக் கல்யாணம் என்று எழுதியிருந்தார்" என்கிற அளவில் உங்கள் வார்த்தையில் சொல்லலாம். டி.பி. நோயாளிகளின் கடிதங்களுக்கும் இதே விதிதான். தெலுங்கில் கார்டு ஏதாவது இருந்தால், படித்துச் சொல்லத் தெருவில் யாரையாவது கூப்பிடாதீர்கள், குடும்பத்துக்கு வெளியே உங்களைத் தெரியாத ஒருவரைத் தேடுங்கள்.

அப்புறம் காகிதங்கள். பாட்டியின் இரும்புப் பெட்டியைக் கிளறினால் சான்றிதழ்கள் கிடைக்கும். 1926-ம் வருஷத்து மதராஸ் நர்ஸ், மிட்வைஃப் சட்டத்தின் கீழ் கவுன்சிலில் பதிவு செய்த சர்ட்டிபிகேட், மாறுதல் உத்தரவுகள், பென்ஷன் புத்தகம் இதெல்லாம் இருக்கும். இவற்றைவிட முக்கியமானது எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேடு. அரசு ஊழியர்களில் பலர் அதன் நகல் ஒன்றைத் தங்களிடம் வைத்திருப்பார்கள். இல்லையென்றால் அவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் வாரிசு என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். அதில் இன்க்ரிமென்ட் கணக்கைத் தாண்டிப் போய் லீவுப் பக்கத்தைப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன லீவு. பக்கத்தில் ஒரு பேப்பரில் குடும்பத்தின் தேதிகளை எழுதுங்கள்: தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள், உங்கள் அம்மா பிரசவம், பெரியம்மா கல்யாணம். இரண்டையும் ஒப்பிட்டால், எதற்கு லீவு போட்டார், எதற்குப் போடவில்லை அல்லது போட முடியவில்லை என்று தெரியும்.

மாமா பிறந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று தமிழ்நாட்டு அரசு ஊழியருக்குப் பிரசவ விடுப்பு ஒரு வருஷம். 2011 வரை அது மூன்று மாதம்தான். 1977-ல் பாட்டி சில மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டு டூட்டிக்குப் போயிருக்க வேண்டும். வாரம் தவறாமல் இல்லாவிட்டாலும் முறை வைத்து நைட் டூட்டி வந்திருக்கும். அந்த ராத்திரிகளில் குழந்தை யார் பக்கத்தில் படுத்தது? உங்கள் கடிதமே பதில் சொல்லிவிட்டது. 11 வயதுப் பெண் பக்கத்தில்.

எனவே, பெரியம்மாவை விட்டுவிட்டு இந்த மலரைப் போட முடியாது என்பதுதான் என் கருத்து. பாட்டி 37 வருஷம் வார்டில் நிற்க முடிந்ததற்கு வீட்டில் ஒருவர் நின்றது காரணம். நர்ஸம்மாக்களைப் பற்றி எழுதப்படும் மலர்களில் நான் அடிக்கடி பார்க்கும் குறை இது. ஆஸ்பத்திரியில் அவர் எல்லோருக்கும் தாய், வீட்டிலும் எந்தக் குறையும் வைக்கவில்லை என்று எழுதுவார்கள். ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தானே? குறையை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அவர் பெரும்பாலும் மூத்த மகளாகவோ, கல்யாணமாகாத நாத்தனாராகவோ, மாமியாராகவோ இருப்பார். மலரில் அவருக்கு "கண்ணீருடன்" பட்டியலில் ஒரு பெயர் மட்டும் கிடைக்கும்.

மாமா அசிங்கம் என்கிறார். யாருக்கு அசிங்கம் என்று நிதானமாகக் கேளுங்கள். மூன்று மாதத்தில் வேலைக்கு வா என்றது பாட்டி இல்லை, விதி. புருஷன் போன பிறகு சம்பளம் ஒன்றுதான் என்றால் அதை விட முடியாது. ஆனால் பெரியம்மாவின் படிப்பு நின்றது பாட்டியின் முடிவாகவும் இருக்கலாம். அப்படியென்றால் அதையும் மழுப்பாமல் எழுதுங்கள். ஊர்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்த வீட்டில் மூத்த மகள் பத்தாவதோடு நின்றார் என்பது சின்ன விஷயம் இல்லை. "அவர் சொன்னால்தான் முடியும்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், சரி. சொன்னது என்னென்ன? யார் எதிர்த்துப் பேசினார்கள்? அவர் சொல்லித் தப்பாகப் போன காரியம் ஒன்றாவது இருக்குமே? ஒரு குடும்பத்தை நடத்தியவரின் கெட்டிக்காரத்தனம், தப்பான முடிவுக்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதில்தான் அதிகம் தெரியும்.

பெரியம்மாவிடம் எப்படிப் பேசுவது? போனை எதிரில் வைத்து ரெக்கார்டை அமுக்கிவிட்டு, "பாட்டியைப் பத்தி சொல்லுங்க பெரியம்மா" என்றால் அவர் வாயைத் திறக்கமாட்டார். அவர் கீரை ஆய்கிற நேரத்தில் போய் நீங்களும் ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியைப் பற்றிக் கேட்காதீர்கள், அவரைப் பற்றிக் கேளுங்கள். "அம்மாவுக்கு நைட் டூட்டின்னா சாயங்காலம் நீங்க என்ன சமைப்பீங்க? மாமா ராத்திரி அழுதா என்ன பண்ணுவீங்க? காலையில அவங்க வந்தா தூங்கவிடுவீங்களா, சத்தம் போடக் கூடாதா?" இப்படி. அவர் கோபமாகச் சொன்னாலும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள், பாட்டிக்கு வக்காலத்து வாங்காதீர்கள். எழுதியதை அவரிடம் முதலில் படித்துக் காட்டுவேன், வேண்டாம் என்றதை எடுத்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். அப்படியும் பேச மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. அவர் செய்ததை நீங்கள் பார்த்த அளவில், உங்கள் பெயரில், ஒரு பக்கம் எழுதி அவருக்குக் காட்டுங்கள். "இப்படியா நடந்துச்சு?" என்று திருத்த ஆரம்பிக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஆஸ்பத்திரி ஆட்களில் டாக்டர்களைத் தேடி அலையாதீர்கள். அவர்கள் இரண்டு வரி வாழ்த்துரை தருவார்கள், அவ்வளவுதான். கூட இருந்த சிஸ்டர்கள், ஆயாம்மாக்கள், மருந்து கட்டிக் கொடுத்தவர்கள் இவர்களுக்குத்தான் நினைவிருக்கும். ஓய்வு பெற்றவர்கள் வருஷாந்திர நேர்காணலுக்குக் கருவூலத்துக்கு வருவார்கள், ஒருவர் கிடைத்தால் மற்றவர்களின் நம்பர் கிடைத்துவிடும். தொப்பியும் வெள்ளைப் புடவையுமாக எடுத்த பேட்ச் குரூப் போட்டோ ஏதாவது இருந்தால் கையோடு கொண்டு போங்கள். யார் யார் என்று கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.

அளவைப் பற்றி: 48 பக்கம் தாராளம். தேவாரமோ திருவாசகமோ போடுவதானால் இரண்டு பக்கத்தோடு நிறுத்துங்கள். யாழ்ப்பாணத்தில் 31-ம் நாளுக்கு நினைவு மலர் போடுவது நெடுநாள் வழக்கம், கல்வெட்டு என்றும் சொல்வார்கள். அவற்றை இலங்கையின் நூலக நிறுவனம் (noolaham.org) மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு புரட்டிப் பாருங்கள். பதிகங்களைத் தாண்டி, இறந்தவர் என்ன வேலை பார்த்தார், எந்த ஊரில் யாரோடு இருந்தார் என்று எழுதிய மலர்களை இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் தேடி வருகிறார்கள். உங்கள் மலரிலும் ஒரு பிரதி தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். டி.பி. வார்டு நர்ஸின் வீடு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவர் என்றாவது வருவார்.

தை மாதத் திதி என்றால் கார்த்திகைக்குள் எழுத்து முடிய வேண்டும். புரூஃப் முதலில் பெரியம்மாவுக்குப் போகட்டும், பிறகு அம்மாவுக்கு, கடைசியில் மாமாவுக்கு. பெரியம்மா அடித்த வரியை மாமா திரும்பச் சேர்க்கச் சொன்னாலும், பெரியம்மா விட்டுவைத்த வரியை மாமா அடிக்கச் சொன்னாலும், அந்தப் பஞ்சாயத்தை உங்கள் அம்மாவிடம் தள்ளிவிடுங்கள். நீங்கள் பேத்தி, இரண்டு பேருக்கும் நடுவில் நிற்காதீர்கள்.